எழுத்து வராத மேசையும் பாட்டியின் குரலும்



ஞாயிறு பதிப்பில் சிறுகதைப் போட்டிக்கான அறிவிப்பு வருகிறது. முடிவு நாளுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. எழுதும் பழக்கமுள்ள ஒருவர் அதைக் கத்தரித்து மேசைக் கண்ணாடியின் அடியில் வைக்கிறார். முதல் வாரம் தலைப்பை யோசிப்பதில் போகிறது. இரண்டாம் வாரம் முதல் வரியை எழுதி அடிக்கிறார். மறுபடி எழுதி மறுபடி அடிக்கிறார். மூன்றாம் வாரம் அந்த மேசைப் பக்கமே போவதில்லை. கேட்டால், "வேலை அதிகம், நேரம் எங்கே இருக்கிறது?" என்கிறார். நேரம் இருக்கத்தான் செய்தது. தொலைக்காட்சி பார்க்க இருந்தது, கல்யாண வீட்டில் உட்கார்ந்து கதை பேச இருந்தது. எழுத்துதான் வரவில்லை.

எழுதத் தெரியாதவருக்கு எழுத வராதது இயல்பு. எழுதத் தெரிந்தவருக்கு, சொல்வதற்கு விஷயமும் இருப்பவருக்கு, எழுத வராமல் போவது ஏன் என்பதே இன்றைய உரையின் பொருள்.

மேல்நாட்டார் இதற்கு ஒரு நோய்ப் பெயரே சூட்டியிருக்கிறார்கள். வியன்னாவிலிருந்து நியூயார்க் சென்று குடியேறிய எட்மண்ட் பெர்க்லர் என்ற மனநல மருத்துவர் 1940களில் இந்த முடக்கத்துக்குப் பெயர் வைத்தார். குழந்தைப் பருவத்தில் தாயிடம் ஏற்பட்ட ஏக்கமே காரணம் என்று அவர் விளக்கமும் கொடுத்தார். அந்த விளக்கத்தை இன்று பெரும்பாலோர் ஏற்பதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பெயர் நிலைத்ததில் ஒரு தீமையும் உண்டு. "எனக்கு அந்த நோய் வந்துவிட்டது" என்று சொல்லிக்கொள்வது சிலருக்கு எழுதாமல் இருப்பதற்கு ஒரு கௌரவமான காரணமாகப் போய்விட்டது.

களைப்பினால் எழுதாதவர் உண்டு; அவருக்குத் தேவை ஓய்வு. வீட்டில் இழவு விழுந்து மனம் ஒடிந்து எழுதாதவர் உண்டு. அவருக்குத் தேவை காலம். எதிலும் மனம் ஒட்டாமல், உறக்கமும் இல்லாமல் மாதக் கணக்கில் தவிப்பவர் எழுத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுகிறவர் ஒருவர். உடம்பில் குறை இல்லை, சொல்ல விஷயமும் உண்டு. ஆனால் பேனாவை எடுத்தவுடன் அவருடைய வாயில் வேறு யாரோ வந்து உட்கார்ந்துகொள்கிறார். அந்த வேறு யாரோவைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வீடு என்ற நாவல்

கப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1982இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெற்றவர். தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் அரகாட்டக்கா என்ற சிற்றூரில் 1927இல் பிறந்தார். வாழைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வந்து தோட்டம் போட்டு, ஊரைச் செழிக்க வைத்து, பிறகு போய்விட்டது. தோட்டத்தை நம்பிப் பிழைத்து, பிறகு அது கைவிட்டுப் போனதைக் கண்டவர்களுக்கு அந்த ஊரைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது.

சிறு வயதில் அவரை வளர்த்தவர்கள் தாய்வழித் தாத்தாவும் பாட்டியும். தாத்தா உள்நாட்டுப் போரில் கலந்துகொண்டவர். பாட்டி, செத்தவர்கள் வீட்டுக்குள் நடமாடுவதை, அடுத்த வீட்டுக்காரர் வந்து போனதைச் சொல்வதுபோலச் சொல்பவர். அந்த வீட்டைப் பற்றி ஒரு நாவல் எழுத வேண்டும் என்ற எண்ணம் மார்க்வெஸுக்கு இருபது வயது நிரம்பும் முன்பே வந்துவிட்டது. 'வீடு' என்று தலைப்பும் வைத்தார், எழுதவும் தொடங்கினார். ஆனால் கைகூடவில்லை. விஷயம் பெரிது, அதைச் சொல்லும் வழி தெரியவில்லை என்று ஒதுக்கி வைத்தார்.

இடையில் அவர் சும்மா இருக்கவில்லை. நாளிதழ்களில் நிருபராக இருந்தார். 1955இல் முதல் நாவல் வந்தது. அதே ஆண்டு, கடலில் பத்து நாள் தத்தளித்துப் பிழைத்த ஒரு மாலுமியின் அனுபவத்தைப் பத்திரிகையில் தொடராக எழுதி நாடு முழுவதும் பேச வைத்தார். பாரிஸில் இருந்தபோது அவர் வேலை பார்த்த பத்திரிகையைக் கொலம்பிய அரசாங்கம் மூட வைத்தது. கையில் காசில்லாமல், மாடி அறையில் இருந்துகொண்டு இன்னொரு குறுநாவலை எழுதினார். ஆக, வறுமை அவரை எழுத விடாமல் தடுக்கவில்லை என்பது தெளிவு.

தடை வந்தது மெக்சிக்கோவில். 1961இல் மனைவி மெர்செடஸ், கைக்குழந்தையுடன் அங்கே போய்ச் சேர்ந்தார். வாரப் பத்திரிகைகளுக்கு ஆசிரியராக இருந்தார். விளம்பர நிறுவனத்தில் வாசகங்கள் எழுதினார். திரைப்படங்களுக்குக் கதை வசனம் எழுதினார். சம்பளம் வந்தது. நாவல் மட்டும் வரவில்லை. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இப்படிப் போயின. அதற்குள் நான்கு புத்தகங்கள் வெளிவந்திருந்தன. எல்லாம் நல்ல புத்தகங்கள், எதுவும் அதிகம் விற்கவில்லை. இனி எழுதினால் முன்பு எழுதியதையே திரும்ப எழுத வேண்டும் என்ற இடத்தில் வந்து நின்றார்.

1965இல் ஒரு நாள் குடும்பத்தோடு விடுமுறைக்காகக் கடற்கரை நகரமான அக்காபுல்கோவுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது, பல ஆண்டுகள் தேடிய வழி சட்டென்று பிடிபட்டது என்று அவர் பின்னாளில் சொன்னார். பாதி வழியிலேயே காரைத் திருப்பிவிட்டார் என்பது பிரபலமான கதை. அவரே அதைப் பேட்டிக்குப் பேட்டி ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருக்கிறார் என்பதால் அந்தக் காரை அவ்வளவாக நம்ப வேண்டியதில்லை. பிடிபட்டது என்ன என்பதே முக்கியம்.

கதை அவரிடம் முன்பே இருந்தது. ஊர், மனிதர்கள், போர், வாழைத் தோட்டம் எல்லாம் முன்பே இருந்தன. அன்று கிடைத்தது பாட்டியின் குரல். நம்ப முடியாத ஒன்றைச் சொல்லும்போது பாட்டி முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை, வியக்கவில்லை, "இது உண்மையா பொய்யா தெரியாது" என்று பீடிகை போடவில்லை. முன்பு எழுதியபோதெல்லாம் தான் சொல்வதைத் தானே நம்பாமல் எழுதியதுதான் கோளாறு என்பதை மார்க்வெஸ் கண்டுகொண்டார். பாட்டி சொன்ன அதே முகத்தோடு சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு பதினெட்டு மாதம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரத்தில் உட்கார்ந்து, அவர்கள் திரும்பும்வரை எழுதினார். வேலைக்குப் போகவில்லை. கார் விற்கப்பட்டது. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயின. வீட்டு வாடகை பல மாதம் பாக்கி. மெர்செடஸ் வீட்டுக்காரரிடம் பேசி, புத்தகம் முடியும்வரை தவணை வாங்கினார். இறைச்சிக் கடையிலும் கடன். 1966இல் கையெழுத்துப் படியை அர்ஜென்டினாவில் உள்ள பதிப்பகத்துக்கு அனுப்பத் தபால் நிலையம் போனார்கள். எடை போட்டதில் 82 பெசோ ஆகும் என்றார்கள். கையில் இருந்தது 53 பெசோ. காகிதக் கட்டை இரண்டாகப் பிரித்து, காசுக்குத் தகுந்த பாதியை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், அனுப்பியது பின்பாதி! 'தனிமையின் நூறு ஆண்டுகள்' 1967ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வெளிவந்தது. முதல் பதிப்பு 8,000 பிரதிகள். உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் விற்ற நாவல்களில் அது இன்று ஒன்று.

இந்த வரலாற்றில் பலரும் எடுத்துச் சொல்வது பதினெட்டு மாத உழைப்பையும் மெர்செடஸின் பொறுமையையும்தான். அந்த அம்மையாரின் பொறுமைக்கு ஒரு பரிசு தனியாகக் கொடுத்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே உழைப்பை அவர் இருபது வயதிலும் போடத் தயாராகத்தான் இருந்தார். அப்போது அவரிடம் குரல் இல்லை.

மாமா இறந்துவிட்டார்

மெக்சிக்கோவில் மார்க்வெஸ் தவித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நண்பர் அவர் கையில் ஒரு சிறு புத்தகத்தைக் கொடுத்து, எப்படி எழுதுவது என்று இதைப் படித்துத் தெரிந்துகொள் என்றார். 'பெட்ரோ பராமோ' என்ற அந்த நாவலை அன்றிரவே இரண்டு முறை படித்ததாகவும், பிறகு அது மனப்பாடமே ஆகிவிட்டதாகவும் மார்க்வெஸ் எழுதியிருக்கிறார். அதை எழுதியவர் ஹுவான் ருல்ஃபோ. அவர் கதை இன்னும் விசித்திரம்.

ருல்ஃபோ 1953இல் ஒரு சிறுகதைத் தொகுப்பும், 1955இல் இந்த நாவலும் வெளியிட்டார். சிறு வயதிலேயே தந்தை கொல்லப்பட்டு, தாயும் இறந்து, அநாதை விடுதியில் வளர்ந்தவர். கார் டயர் விற்கும் வேலையில் ஊர் ஊராகச் சுற்றியவர். இந்த இரண்டு சிறு புத்தகங்களும் ஸ்பானிய மொழி இலக்கியத்தையே திருப்பிப் போட்டன. அதன் பிறகு, 1986இல் இறக்கும்வரை, முப்பது ஆண்டுகளில் அவர் இன்னொரு நாவலை முடித்துக் கொடுக்கவில்லை. ஒன்றை எழுதுவதாகச் சொன்னார். பிறகு அதையும் கிழித்துவிட்டார் என்றார்கள். பழங்குடி மக்களுக்கான அரசாங்க அலுவலகம் ஒன்றில் பதிப்புப் பணியைப் பார்த்துக்கொண்டு காலத்தைக் கழித்தார்.

ஏன் எழுதவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் ஒரு பதில் வைத்திருந்தார். தமக்குக் கதைகளைச் சொல்லிவந்த செலெரினோ மாமா இறந்துவிட்டாராம்! பாதி வேடிக்கையாகச் சொன்னதுதான். மீதிப் பாதியை வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. எழுதுகிறவருக்குள் பேசுகிற ஒரு குரல் உண்டு. அது பாட்டியாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம். அது இருக்கும்வரை எழுத்து வரும். அது போய்விட்டால், எவ்வளவு பெரிய எழுத்தாளரும் மேசையின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருப்பார்.

ஒரே ஊர், இரண்டு குரல்

தமிழில் இதற்குச் சரியான சான்று கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள இடைசெவல் என்ற கிராமம். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அந்த ஊர்க்காரர்கள். இருவரும் 1923இல் பிறந்தவர்கள், சிறு வயது முதல் நண்பர்கள். இசைப் பித்தும் இருவருக்கும் ஒன்றுதான்.

அழகிரிசாமி இளம் வயதிலேயே எழுத வந்தார், சென்னைக்குப் போனார், பத்திரிகைகளில் வேலை பார்த்தார். மலேசியத் தமிழருக்கு அவர் அந்நியர் அல்லர். 1924இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' நாளிதழுக்கு, 1950களில் சில ஆண்டுகள் கோலாலம்பூரில் இருந்து ஆசிரியப் பணி செய்தவர் அவர். இங்கிருந்த இளம் எழுத்தாளர்களைக் கூட்டி வைத்து இலக்கியம் பேசியவர்.

கி.ரா. அப்படியல்லர். ஊரிலேயே விவசாயம் பார்த்துக்கொண்டு இருந்தார். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. 'மாயமான்' என்ற கதை 'சரஸ்வதி' இதழில் 1958இல் வெளிவந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயது. முப்பத்தைந்து வயதுவரை எழுதாமல் இருந்தவர், பிறகு தொண்ணூற்றேழாவது வயதில், 2021இல், இறக்கும்வரை நிறுத்தவில்லை. பள்ளியில் கற்றுக்கொடுக்கும் கட்டுரைத் தமிழ் அவரிடம் ஒட்டவில்லை. கரிசல் காட்டு விவசாயி திண்ணையில் உட்கார்ந்து எப்படிப் பேசுவாரோ அப்படியே எழுதினார். உரையாடலை மட்டும் பேச்சு வழக்கில் எழுதிய எழுத்தாளர்கள் முன்பே உண்டு. கதை சொல்பவரின் குரலையே அந்த வழக்கில் அமைத்தது கி.ரா.வின் துணிச்சல். அந்தச் சொற்கள் அகராதிகளில் இல்லை என்றபோது, அவரே நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்து 1982இல் வெளியிட்டார். 1991இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. பெரிய பட்டம் எதுவும் இல்லாதவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்துப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது.

இதைக் கேட்டவுடன், "சரி, பேச்சுத் தமிழில் எழுதிவிட்டால் சொந்தக் குரல் வந்துவிடும்" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் அழகிரிசாமியைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அதே ஊர், அதே தெரு, அதே வறுமை. ஆனால் அவர் எழுதியது எல்லோருக்கும் விளங்கும் எளிய பொதுத் தமிழில். 'ராஜா வந்திருக்கிறார்' கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும், அலங்காரம் என்று ஒரு சொல் அதில் இல்லை. ஏழைப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது அந்தக் குரல் உயரவும் இல்லை, அழவும் இல்லை. அது அழகிரிசாமியின் குரல், அதைக் கி.ரா.வின் குரல் என்று யாரும் மயங்க மாட்டார்கள். ஆகவே, குரல் என்பது வட்டார வழக்கு மட்டும் என்றால் இந்த இருவரும் ஒன்றுபோல எழுதியிருக்க வேண்டும். ஒரு விஷயத்தை யார், எவ்வளவு நெருக்கத்தில் நின்று, என்ன முகத்தோடு சொல்கிறார் என்பதில் இருக்கிறது குரல். சொல் அதற்குப் பின்னால் வரும்.

சிங்கப்பூர் வானொலி நேயர்களில் மூத்தவர்களுக்கு 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' நினைவிருக்கும். புதுமைதாசன் என்ற புனைபெயரில் அறியப்பட்ட பி. கிருஷ்ணன் 1960களின் இறுதியில் எழுதிய தொடர் நாடகம் அது. கம்பத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோன காலம். அந்த அடுக்குமாடிக் குடும்பத்தின் பேச்சையும் சச்சரவையும் அப்படியே வானொலிக்குக் கொண்டுவந்தார். தம் வீட்டுப் பேச்சே வானொலியில் வருவதைக் கேட்டு மக்கள் சிரித்தார்கள். அதே எழுத்தாளர்தான் ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகத்தைத் தமிழாக்கியவரும். இரண்டுக்கும் இரண்டு தமிழ், இரண்டும் அவருடையவை.

ஆதவனின் பொற்கரங்கள்

இனி, மேசைமுன் உட்கார்ந்திருக்கும் நம் எழுத்தாளரின் வாயில் வந்து உட்காரும் அந்த வேறு யாரோ யார் என்று பார்க்கலாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் தம் இளமைக் காலத்தைப் பற்றி எழுத வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி இப்படி விழுகிறது: "ஆதவன் தன் பொற்கரங்களை நீட்டிப் புவிமகளைத் துயிலெழுப்பும் இனிய காலைப் பொழுது."

அந்தத் தோட்டத்தில் ஆதவன் யாரையும் எழுப்பியதில்லை. விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுப்பியது பெரட்டுக்கு அடித்த தண்டவாளத்தின் சத்தம். அம்மா இருட்டில் அடுப்பைப் பற்ற வைத்தார். அப்பா உளியைத் தீட்டினார். தூங்கிக்கொண்டிருந்த தம்பியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் ஆயாக்கொட்டகையில் விட்டார்கள். மழை வருமா என்று எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்; பட்டை நனைந்தால் அன்று பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. இவ்வளவும் அவருக்குத் தெரியும். மரத்தில் மங்கு நிறைவதையும், கட்டிப்பாலின் நாற்றம் துணியை விட்டுப் போகாததையும், கிராணி நிறுவையில் குறைத்துவிட்டால் அப்பா வாய் திறக்காமல் நின்றதையும் கண்ணால் கண்டவர். ஆனால் பேனாவை எடுத்தவுடன் ஆதவன் வந்துவிடுகிறான். ஆறாம் ஆண்டுத் தேர்வில் அவனுக்கு மதிப்பெண் கிடைத்தது அல்லவா? அதனால் அவன் போக மாட்டேன் என்கிறான்.

இரண்டாவது வரியில் அவர் திகைக்கிறார். ஆதவன் துயிலெழுப்பிய உலகத்தில் மங்குக்கு இடமில்லை. "இரப்பர்ப்பால் சேகரிக்கும் கிண்ணம்" என்று எழுதிப் பார்க்கிறார். சொன்னது விளங்குகிறது, ஆனால் அவருடைய அம்மா கழுவிக் கவிழ்த்த மங்கு அதுவல்ல. அடித்துவிடுகிறார். மூன்றாவது வரி வருவதில்லை. அவருக்கு வந்திருப்பது நோய் அன்று. தமக்குத் தெரியாத ஒரு வாழ்க்கையின் சொற்களைக் கொண்டு தமக்குத் தெரிந்த வாழ்க்கையைச் சொல்ல முயன்றால் யாருக்கும் மூச்சு முட்டும்.

இளைய தலைமுறைக்கு ஆதவன் வருவதில்லை. அவர்களுக்கு வேறு விருந்தாளி. செராசில் பிறந்து வளர்ந்த பிள்ளை, திரைப்படத்தில் கேட்ட சென்னைப் பேச்சில் கதை எழுதுகிறது. கதாநாயகன் மெரினாவில் சுண்டல் வாங்குகிறான். பாசார் மாலாமில் அப்பாவோடு நின்று ஆப்பம் பாலிக் வாங்கித் தின்ற பிள்ளைக்குச் சுண்டலைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் என்ன எழுத வரும்?

இங்கே ஆசிரியப் பெருமக்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. பேசுவதையெல்லாம் எழுதலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் இலக்கணம் என்ன ஆவது? ஏற்கெனவே வீட்டில் தமிழ் குறைந்து வரும் நாட்டில், பள்ளியில் படிக்கும் நல்ல தமிழும் போய்விடாதா? போகக் கூடாது. கட்டுரைத் தமிழ் வேண்டும். விண்ணப்பம் எழுத, செய்தி எழுத, வெளியூர்த் தமிழர் படிக்க அது வேண்டும். அழகிரிசாமி எழுதியது நல்ல பொதுத் தமிழ்தானே? ஒற்றுப்பிழை இல்லாத தமிழ் ஒருபோதும் யாருடைய குரலையும் அடைத்ததில்லை. அடைப்பது, இரவல் உவமைகளும் தேய்ந்துபோன தொடக்கங்களும்தான். வாக்கியத்துக்கு வாக்கியம் 'லா' சேர்த்துவிட்டு மலேசியத் தமிழ் எழுதிவிட்டதாக நினைப்பதும் அதே இரவல் வகைதான்.

ஒருவருக்கு எழுதுவது

அந்த விருந்தாளியை வெளியே அனுப்ப உலகத்து எழுத்தாளர்கள் பல தந்திரங்கள் செய்திருக்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1951இல் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' என்ற பெரிய நாவலை எழுதும்போது ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். வலப்பக்கத்தில் நாவல். இடப்பக்கத்தில் தம்முடைய பதிப்பாசிரியரும் நண்பருமான பாஸ்கல் கொவிசிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கடிதம். வீட்டில் நடந்தது, பென்சில் சீவியது, இன்று எழுதப் பயமாக இருக்கிறது என்பது, எல்லாம் அதில் உண்டு. கடிதத்தில் கை பழகிய பிறகு வலப்பக்கத்துக்குப் போவார். அந்தக் கடிதங்கள் அவர் இறந்த பிறகு, 1969இல் தனிப் புத்தகமாகவே வந்தன. யாரென்று தெரியாத ஆயிரம் பேருக்கு எழுதுவதைக் காட்டிலும் தெரிந்த ஒருவருக்கு எழுதுவது எளிது என்பதுதான் அதில் உள்ள சூட்சுமம். போட்டி நடுவருக்கு எழுதும்போது வராத சொல், ஈப்போவில் இருக்கும் தங்கைக்கு எழுதும்போது வரும். முதலில் தங்கைக்கு எழுதிவிட்டு, பிறகு "அன்புள்ள தங்கைக்கு" என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973இல் எழுதிய புத்தகத்தில் சொன்ன பயிற்சி இன்னும் எளிது. பத்து நிமிடம் கையை நிறுத்தாமல் எழுத வேண்டும். அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. எழுத ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லை என்றே எழுத வேண்டும். எழுதியதில் முக்கால்வாசி குப்பையாக இருக்கும், கவலையில்லை. நமக்குள் இருக்கும் தேர்வுத் தாள் திருத்துபவருக்கு அந்தப் பத்து நிமிடம் சிவப்பு மையைத் திறக்க நேரம் கிடைப்பதில்லை, அதுதான் பலன். ஹெமிங்வே வேறொன்று சொன்னார்: அடுத்தது என்ன என்று தெரிந்திருக்கும் இடத்திலேயே அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், மறுநாள் தொடங்கச் சிரமம் இருக்காது. முதல் வரியே எழுதாதவருக்கு இது உதவாது. பாதி எழுதி நிற்பவருக்கு நன்றாகவே உதவும்.

எழுதவே பழக்கமில்லாதவருக்கு ஸ்டைன்பெக்கின் நோட்டுகூட வேண்டாம். இன்று எல்லோர் கையிலும் குரலைப் பதிவு செய்யும் தொலைபேசி இருக்கிறது. பேரப்பிள்ளையை எதிரில் உட்கார வைத்துச் சொல்லி, பதிவு செய்து, பிறகு அதைக் கேட்டு எழுதினால் ஆதவன் எட்டிப் பார்க்க மாட்டான். யாரும் பேரனிடம் புவிமகளைப் பற்றிப் பேசுவதில்லை.

கேட்க ஆள் இருக்கும்போது

இந்த உரையில் போட்டிக் கதை ஒரு சாக்குத்தான். போட்டி இந்த ஆண்டு போனால் அடுத்த ஆண்டு வரும். செலெரினோ மாமா போனால் வரமாட்டார்.

ஜப்பானியர் ஆட்சியில், இந்த நாட்டுத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் - பர்மா ரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. அதே பாதையில் வேலை செய்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் நாட்குறிப்பு வைத்திருந்தார்கள், படம் வரைந்தார்கள், திரும்பிப்போய்ப் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். எண்ணிக்கையில் அவர்களைவிட அதிகம் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் எழுதியது மிகச் சொற்பம். பெரும்பாலோருக்கு எழுத்தறிவு இல்லை என்பது ஒரு காரணம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் பிற்காலத்தில் இருந்தார்கள். ஆனால் அப்பா திண்ணையில் உளறுவது போலச் சொன்னதை எழுத்தாக்கலாம் என்று அவர்களில் பலருக்குத் தோன்றவில்லை. மலேசியத் தமிழ் நாவலாசிரியர்களில் அ. ரெங்கசாமி போன்ற சிலர் அந்தப் பொருளை எடுத்து எழுதியிருப்பது நம் பாக்கியம். 1943இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. அவர்களிடம் கேட்க அநேகமாகக் காலம் கடந்துவிட்டது.

லயத்து வீட்டில் பிறந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது, சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தவர்கள் அவர்கள். கோயிலை எங்கே கொண்டு வைப்பது என்று தவித்தவர்கள். இன்று எழுபதும் எண்பதும் வயது. அவர்களைப் பார்த்து, "உங்கள் வாழ்க்கை அனுபவத்தைக் கூறுங்கள்" என்றால் ஒன்றும் வராது. அவர்களும் மேடைத் தமிழுக்குத் தாவி, "அந்தக் காலம் பொற்காலம்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். "பாட்டி, பெரட்டுக்குப் போறதுக்கு முன்னே என்ன பசியாறுவீங்க?" என்று கேட்டால் வரும். "மழை பெஞ்சு வேலை இல்லாத நாளுல தாத்தா என்ன செய்வாரு?" "பாம்பு கடிச்சா யாருகிட்ட ஓடுவீங்க?" "லாரி வந்த அன்னிக்கு எதை விட்டுட்டு வந்தீங்க?" இப்படிக் கேட்டால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

அவர் சொல்லும்போது குறுக்கே திருத்தக் கூடாது. ஆண்டு தவறாகச் சொன்னால் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். எழுதும்போது எழுத்துப் பிழை இல்லாமல் எழுத வேண்டும்; ஆனால் அவர் 'சடக்கு' என்று சொன்ன இடத்தில் 'சாலை' என்று மாற்றிவிடக் கூடாது.